தண்ணி குடிக்கிற அம்மா

காலை ஏழரை மணிக்கு அலுவலகம் வந்ததும் அக்கா செய்கிற முதல் வேலை தண்ணீர் குடிப்பது. கே.கே. நகரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் அறக்கட்டளை இருந்தது. படியேறி வந்து, கைப்பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, பானைக்குப் பக்கத்தில் நின்றபடியே பெரிய எவர்சில்வர் செம்பில் ஒரு செம்பு குடிப்பார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு அரைச் செம்பு. தாகத்துக்குக் குடிக்கிறவர்கள் அப்படிக் குடிப்பதில்லை. கஷாயம் குடிக்கிற முகம். முடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு டிரைவர் கருப்பையா அண்ணனிடம் சொல்வார்.

“குடிச்சிட்டேன். இனி அவங்க பாடு. வண்டிய எடுங்கண்ணே.”

அறிக்கை எழுதும் வேலைக்கு நான் அங்கே சேர்ந்த புதிது. முப்பத்தைந்து வயது, இரண்டு வேலைகளை விட்டுவிட்டு வந்தவள், யார் எதைச் சொன்னாலும் முதலில் சந்தேகப்படுகிற புத்தி. அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கல் இருக்கும்போல, டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். கருப்பையா அண்ணனிடம் கேட்டேன். “நீங்களும் வண்டியில வரத்தான போறீங்க, பாருங்க” என்று சிரித்தார்.

மதுரையைச் சுற்றியுள்ள காலனிகளில் வீட்டுக்கு ஒரு கழிப்பறை கட்டிக் கொடுப்பது எங்கள் அறக்கட்டளையின் வேலை. கட்டி முடித்துச் சில மாதம் கழித்து அவை உபயோகத்தில் இருக்கின்றனவா என்று போய்ப் பார்த்து, படிவத்தில் கையெழுத்துப் போடுவது அக்காவின் பொறுப்பு. வேறு இடங்களில் இதற்கென்று வருகிறவர்கள் கையில் அட்டையை வைத்துக்கொண்டு, “உபயோகிக்கிறீங்களா?” என்று கேட்பார்கள். “ஆமா சார்” என்று பதில் வரும். டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அக்கா கேள்வியே கேட்க மாட்டார். ஒன்றரைச் செம்புத் தண்ணீர் வயிற்றில் இருக்க, ஒரு மணி நேரம் ஜீப்பில் குலுங்கிப் போய் இறங்குவார். கண்ணில் படுகிற முதல் வீட்டுப் பெண்ணிடம், “ஏம்மா, அவசரம். பாத்ரூம் போகணும்” என்பார். அதில் நடிப்பு கிடையாது. அந்த நேரத்தில் அவருக்கு உண்மையிலேயே அவசரமாகத்தான் இருக்கும்.

அவசரத்தில் நிற்கிற மனுஷியிடம் யாராலும் கதை விட முடியாது என்பது அவருடைய கட்சி. “ஆமா, உபயோகிக்கிறோம்”னு சொன்ன வாயால “அதுல விறகு கெடக்கு”ன்னும் சொல்லியாகணுமே என்பார். கதவு திறந்து, உள்ளே போய், நிம்மதியாக வெளியே வந்தால்தான் அந்த வீடு பாஸ். பூட்டுத் துருப்பிடித்திருந்தாலும் மூலையில் சிலந்தி வலை இருந்தாலும் கையெழுத்து கிடையாது. அந்தப் பக்கத்து ஊர்களில் அவர் பேர் யாருக்கும் தெரியாது. தண்ணி குடிக்கிற அம்மா என்றால் தெரியும்.

ஆள் நல்ல உயரம். சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டி, கறுப்புக் கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். கைப்பைக்குள் ரோஸ் நிறப் பிளாஸ்டிக் டப்பாவில் நூலால் அறுத்த பாதி சோப்பு எப்போதும் இருக்கும். வாயில் ஒரு கிராம்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவில் நின்று, சுருதிக்கும் தனக்கும் சம்பந்தமில்லாமல் பாடுவார் என்று அவரே சொல்லியிருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் எங்கள் அலுவலகத்தில் எவருக்கும் இல்லை.

முதல் முறை நான் கூடப் போன ஊர் நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே. அக்கா அவசரம் என்றதும் அந்த வீட்டு அம்மா கையைப் பிசைந்தார். அக்கா காத்திருக்காமல் போய்க் கதவைத் திறந்தார். பீங்கானுக்கு மேல் சாக்கு விரித்து, அதில் ஓர் ஆடு இரண்டு குட்டிகளோடு படுத்திருந்தது.

“மழையில எங்கம்மா கட்டுறது? குட்டி போட்டிருச்சு” என்றார் அந்த அம்மா. முகமே இல்லை அவருக்கு.

அக்கா ஆட்டைப் பார்த்து, “எந்திரி தாயி, எனக்கு அவசரம்” என்றார். அது எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அடுத்த வாரம் நாலு கம்பும் இரண்டு தகரமும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், ஆட்டுக்கு ஒரு கொட்டகை போட்டுவிட்டு வந்தார். “இது முன்னாடியே நமக்குத் தெரிஞ்சிருக்கணும். அவங்க வீட்டுல ஆடு இருக்குன்னு நம்ம படிவத்துல எங்கயாச்சும் கேட்டோமா?” என்று என்னையே கேட்டார்.

படிவம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ‘குறிப்புகள்’ என்று அதில் பெரிய கட்டம் ஒன்று உண்டு. கிடைத்த அனுபவங்களை விரிவாக எழுத வேண்டிய இடம். அக்கா அதில் ஒரே ஒரு வார்த்தை எழுதுவார். ‘ஆடு.’ ‘பூட்டு.’ ‘வெங்காயம்.’ ஒரு முறை ‘மாப்பிள்ளை’ என்று எழுதியிருந்தார். அந்த வீட்டில் கழிப்பறைச் சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருக்குமாம். திருப்பூரிலிருந்து தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தால் மட்டும் திறப்பார்களாம். தினமும் போனால் குழி நிறைந்துவிடுமே என்று பயம். “மாப்ளைக்கு மட்டும்தான் வயிறு இருக்கா” என்று கேட்டுவிட்டு, முற்றத்தில் குச்சியால் குழியைப் படம் போட்டு, தண்ணீர் எப்படி மண்ணுக்குள் இறங்கும் என்று அந்த வீட்டுப் பெரியவருக்கு அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். நான் ஆபீஸுக்கு வந்து ‘மாப்பிள்ளை’ என்ற ஒற்றை வார்த்தையை இங்கிலீஷில் இரண்டு பக்கம் ஆக்க வேண்டும். தலையில் அடித்துக்கொண்டுதான் எழுதுவேன்.

அவரிடம் எனக்குப் பிரியம் மட்டும்தான் இருந்தது என்று சொன்னால் அது பொய். கூர்மையான ஆள். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு உறுத்தும். அந்த ஆட்டு ஊரில்தான், மதியம் ஜீப்பில் ஏறும்போது என் பையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார்.

“பாட்டில் ஏன் அப்படியே இருக்கு?”

“தாகம் இல்லக்கா.”

“இந்த வெயில்ல தாகம் இல்லயாக்கும். எங்கிட்டயே அளக்காத.”

 வெளியூர் போகிற நாட்களில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது கல்லூரி நாளிலிருந்து எனக்குப் பழக்கம். எங்கே போவது என்ற பயம். என் அம்மாவும் அப்படித்தான், கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் தண்ணீரைத் தொட மாட்டாள்.

“இந்த ஊர்ல நாம கட்டுனது வரிசையா நிக்கிது. அதப் பத்தி நீ இங்கிலீஷ்ல எழுதப் போற. ஆனா அதுல போகப் பயந்துகிட்டு வாயக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க. ஒனக்கே ஆகாதது அவங்களுக்கு மட்டும் ஆகுமா?” என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வீடு வரும்வரை அவரிடம் பேசவில்லை. மறுவாரம் நானும் அரைச் செம்பு குடித்துவிட்டு ஏறினேன். கருப்பையா அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

எதற்காக இவருக்கு இந்தப் பிடிவாதம் என்று ஒரே ஒரு முறை சொன்னார். முன்பு ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவர். மதியத்துக்கு மேல் தையல் வகுப்பு. பெஞ்சை விட்டு எழுந்திருக்காமல், காலை ஒட்டி வைத்துக்கொண்டு, முகம் வெளிறிப் போய் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்தாராம். “நான் அதுகளத் தையல் வராத மக்குன்னு நெனச்சேன். நெறையா அடிச்சிருக்கேன்” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. கிராம்பை மென்றுகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதையெல்லாம் சொல்வது, திருவாதவூர்ப் பக்கம் இருந்த அந்தக் காலனியைச் சொல்வதற்காக.

வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம், இறந்துபோன தங்கள் தாயின் நினைவாக அந்தக் காலனிக்குக் கழிப்பறை கட்டக் கொடுத்திருந்தது. ஒவ்வொரு கதவுக்கு மேலும் அந்த அம்மாவின் பெயர் பொறித்த சின்ன ஓடு பதித்திருந்தோம். திறப்பு விழாவுக்குக் குடும்பமே வருவதாக இருந்தது. அதற்கு முன்னால், எல்லாம் உபயோகத்தில் இருக்கிறது என்று அக்காவின் கையெழுத்தோடு படிவம் போய்ச் சேர வேண்டும். எங்கள் செயலாளர், ஓய்வு பெற்ற பேராசிரியர், நல்ல மனிதர்தான், ஆனால் அந்த மாதம் முழுக்க நாளுக்கு மூன்று முறை என் மேஜைக்கு வந்து “போயிருச்சாம்மா?” என்று கேட்டார்.

அக்காவின் ‘ஆடு’, ‘பூட்டு’ எதுவும் இந்த முறை வரக் கூடாதே என்று எனக்கு உதறல். அதனால் ஒரு காரியம் செய்தேன். முதல் நாள், அங்கே கட்டட வேலை பார்த்த கொத்தனாருக்குப் போன் செய்து, “நாளைக்கு அக்கா வாராங்க. வந்ததும் பாத்ரூம் கேப்பாங்க. கொஞ்சம் பாத்துக்கங்கண்ணே” என்று சொல்லிவிட்டேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். செய்ததைச் சொல்லிவிட வேண்டும் இல்லையா.

மறுநாள் ஒன்பது மணிக்குப் போய் இறங்கினோம். முதல் வீட்டில் ஜோதி என்று ஒரு பெண் இருந்தாள். கல்யாணமாகி வந்த மருமகள். இருபத்திரண்டு வயது இருக்கும். ஏழு மாதக் கர்ப்பம். அக்கா வழக்கம்போல அவசரம் என்றதும் ஒரு சிரிப்புச் சிரித்து, “வாங்கம்மா, இந்தா இருக்கு” என்று கூட்டிப் போனாள். ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கி வந்து வாளியில் ஊற்றி வைத்தாள். உள்ளே தரை ஈரமாக இருந்தது. பீங்கான் பளிச்சென்று. சிலந்தி வலை இல்லை, பூட்டு இல்லை, விறகு இல்லை. மாடத்தில் சோப்பு. அக்கா வெளியே வந்து கை கழுவிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மற்ற வீடுகளும் அப்படியே. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஜீப்பின் முன்பக்கத்தில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். குறிப்புகள் கட்டத்தில் ‘நன்று’ என்று எழுதினார். நான் அந்த வேலைக்கு வந்த பிறகு அவர் எழுதிய முதல் ‘நன்று’ அது.

மெயின் ரோட்டுக்கு வந்த பிறகுதான் சோப்பு டப்பாவை ஜோதி வீட்டுச் சுவரில் வைத்துவிட்டு வந்தது அக்காவுக்கு ஞாபகம் வந்தது. கருப்பையா அண்ணன் வண்டியைத் திருப்பினார். உச்சி வெயில். ஊர் முனையில் இருக்கும் பைப்படியிலிருந்து காலனிக்குப் போகிற மண் பாதையில் ஒரு பெண் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகப் போய்க்கொண்டிருந்தாள். நாலு எட்டு வைப்பாள், நிற்பாள். கிட்டத்தில் போனதும்தான் தெரிந்தது, ஜோதி.

அக்கா ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்காத குறை.

“என்னம்மா இந்த வெயில்ல? காலையிலதான் பிடிச்சு வச்சிருந்தியே.”

“அது நீங்க போனீகள்ல, அதுக்கும் கழுவுறதுக்கும் ஆயிருச்சும்மா. மாமியா வந்தா குடிக்கத் தண்ணி வேணும்ல” என்றாள் ஜோதி. குறை சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

 அக்கா மெதுவாகக் கேட்டார். “நீ எங்கம்மா போற?”

ஜோதி குடத்தை இடுப்பில் சரி செய்தாள். பாதையின் அந்தப் பக்கம் இருந்த கருவேலங்காட்டை முகவாயால் காட்டினாள்.

“வீட்டுல இருக்கே?”

“மாமா போறாரு, மாமியா போறாக. அவுகளுக்கே நாலு கொடம் சேத்து எடுக்க வேண்டியிருக்கு. நான் போனா அதுக்கும் நான்தான தூக்கணும்? காட்டுக்குப் போனா தண்ணி மிச்சம்” என்றாள். பொழுது சாயட்டும் என்று காத்திருப்பாளாம். அதனால் பகலில் தண்ணீர் குடிப்பதில்லையாம். ஏழு மாதக்காரி.

ஊர்ப் பெண்கள் பிடித்து முடித்த பிறகுதான் காலனிக் குடங்களுக்கு முறை வரும் என்றும், அது சில நாள் பதினோரு மணி ஆகும் என்றும் பேச்சுவாக்கில் சொன்னாள். எத்தனை வீட்டு மருமகள்கள் கருவேலங்காட்டுக்குப் போகிறார்கள் என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அநேகமாக எல்லாப் பெயரும் வந்திருக்கும். ஜோதியின் இடுப்புக் குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, “நீ அதை எடு” என்றார்.

நான் குடம் தூக்கியவள் இல்லை. வீட்டுக்குள் குழாய் இருக்கிற தெருவில் வளர்ந்தவள். பத்து எட்டில் சுடிதார் முழுக்க நனைந்துவிட்டது. அந்தப் பாதையில் நிழல் என்று ஒன்று இல்லை. வீடு வருவதற்குள் மூன்று முறை இறக்கி வைத்தேன். வழியில் வைத்துத்தான், என்னால் தாங்க முடியாமல், சொன்னேன்.

“அக்கா, நேத்து நான்தான் கொத்தனாருக்குப் போன் பண்ணேன். அதான் எல்லாரும் கழுவி வச்சிருக்காங்க.”

“தெரியும்” என்றார்.

எனக்குக் கால் நின்றுவிட்டது.

“எல்லா வீட்டுலயும் ஒரே சோப்பு. உறையப் பிரிச்ச மடிப்புகூடப் போகல. பாத்தேன். பாத்துட்டுத்தான் போட்டேன் கையெழுத்து.” கொஞ்ச தூரம் நடந்தார். “நானும் மனுசிதான. பேராசிரியர் பாவம், அந்த வெளிநாட்டுக்காரங்க வேற டிக்கெட் எடுத்துட்டாங்க. இந்த ஒரு தடவ முடிஞ்சு தொலையட்டும்னு இருந்துச்சு. இத்தன வருசமா தண்ணி குடிச்சிட்டு வந்து என்னத்தக் கண்டேன்? நான் போற அன்னிக்கு எனக்குத் தண்ணி யாரு ஊத்துறான்னு ஒரு நாளும் பாக்கலயே.”

அவர் கண் கலங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். குடத்து நீர் தளும்பி முகத்தில் பட்டது என்று அவரே சொல்லிக்கொண்டு துடைத்தார்.

ஜோதி வீட்டில் குடங்களை இறக்கி வைத்ததும் கையை நீட்டினார். “அந்தத் தாளக் குடு.”

நான் உடனே கொடுக்கவில்லை. செயலாளரின் முகம் கண்ணில் நின்றது. “அக்கா, நம்ம வேல கக்கூஸ் கட்டுறது. தண்ணி பஞ்சாயத்து வேல. ரெண்டையும் போட்டுக் குழப்புனா வர்ற உதவியும் நின்னு போகும்” என்றேன். நான் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் வாதாடவில்லை. கையை நீட்டியபடியே நின்றார். ஜோதி பக்கத்தில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், ஏதோ தன்னால் வந்த சண்டை என்று நினைத்துக்கொண்டு. பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

தன் கையெழுத்தை அடித்தார். ‘நன்று’ என்பதை அடித்தார். அதற்குக் கீழே எழுதினார்: ‘ஜோதி போகவில்லை.’

செயலாளர் அன்று சாயங்காலம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். புதுப் படிவம் ஒன்று எடுத்து என் மேஜையில் வைத்தார். “நீயே அழகா எழுதிரும்மா” என்றார். சத்தம் போடவில்லை, கெஞ்சினார். கெஞ்சுகிறவர்களுக்கு மறுப்புச் சொல்வது கடினம். அவர் வீட்டுக்குப் போனதும் பழைய தாளையே, அடித்தல் திருத்தலோடு, ஸ்கேன் செய்து அந்தக் குடும்பத்துக்கு அனுப்பினேன். இங்கிலீஷில் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. என் வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். துணிச்சல் எல்லாம் இல்லை, இடுப்பில் குடத்து ஈரம் அப்போதும் காயாமல் இருந்தது.

பத்து நாள் ஒரு பதிலும் இல்லை. பிறகு அந்த வீட்டு மூத்த மகள் போன் செய்தார். “யாரு அந்த ஜோதி?” என்பதுதான் முதல் கேள்வி. நடந்ததைச் சொன்னேன். முதல் நாள் கொத்தனாருக்கு நான் போன் செய்ததையும் சொன்னேன்.  “எங்க அம்மா பேர் போட்ட எடத்துல அந்தப் புள்ள போகலயா?” என்று மட்டும் கேட்டார். விழா வேண்டாம், முதலில் குழாய் போடுங்கள் என்றார். அடுத்த ஊருக்கென்று சொல்லி வைத்திருந்த உதவியை இதற்குத் திருப்பினார்கள். அந்த அடுத்த ஊர் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அங்கே போனபோதெல்லாம் அக்காவை முகத்துக்கு நேரே திட்டினார்கள். “திட்டட்டும், அவங்க பக்கமும் நியாயம்தான்” என்று கேட்டுக்கொண்டு நிற்பார். எனக்கு அந்த ஊருக்குப் போக இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பஞ்சாயத்தில் சம்மதம் வாங்கி, பாதையைத் தோண்டி, குழாய் போட்டு முடிக்க மாதங்கள் ஆயின. ஜோதிக்கு அவ்வளவு நாள் இல்லை. அக்கா வாரத்தில் மூன்று நாள் காலை டவுன் பஸ் பிடித்து அங்கே போனார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சர்ச்சுக்குக் கட்டிய நல்ல சேலையோடேயே போவார். பைப்படி வரிசையில் நிற்பார். ஐம்பத்தெட்டு வயது மனுஷி, கான்வாஸ் ஷூவோடு, குடம் சுமந்து ஜோதி வீட்டு வாளியை நிரப்புவார். “இது ஒனக்கு. வேற யாருக்கும் கெடயாது. நீ போற வரைக்கும் நான் இங்கயே ஒக்காந்திருப்பேன்” என்பார். ஜோதி வெட்கப்பட்டுக்கொண்டு போவாள். முதல் வாரம் காலனி சிரித்தது. இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை. மூன்றாவது வாரம் ஜோதியின் புருஷன் தன் சைக்கிளில் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக்கொண்டு பைப்படிக்கு வந்து நின்றான். “நீங்க வீட்டுக்குப் போங்கம்மா, ஊரே என்னயப் பாக்குது” என்றான். “பாக்கட்டும், நல்லாத்தான இருக்க” என்றார் அக்கா. அதற்குப் பிறகு வேறு சைக்கிள்களும் வந்தன.

குழாய் வந்தபோது ஜோதியின் மகளுக்கு மூன்று மாதம்.

அதற்குப் பிறகு அக்காவின் வழக்கம் மாறிவிட்டது. தண்ணீர் குடிப்பதை விடவில்லை. ஆனால் ஊரில் இறங்கியதும் அவசரம் என்று சொல்வதை விட்டுவிட்டார். “ஏம்மா, கொடத்தக் குடு. தண்ணி எங்க பிடிக்கிறீங்க?” என்பார். அவசரத்தை அடக்கிக்கொண்டு குடத்தோடு போய், பிடித்துக்கொண்டு வந்து, பிறகுதான் கழிப்பறைப் பக்கம் போவார். எத்தனை தூரம் என்பது இப்போது அவர் காலுக்குத் தெரிந்தது. குறிப்புகள் கட்டத்தில் புது வார்த்தைகள் வந்தன. ‘தூரம்.’ ‘மேடு.’ ‘நாய்.’

சில வருஷம் கழித்து அவர் வேலையை விட்டு நின்று, நாகமலை புதுக்கோட்டையில் தங்கை வீட்டோடு போய்விட்டார். தங்கையும் தனிக்கட்டைதான், புருஷன் இல்லை. நான் இன்னும் அதே ஆபீஸில் அதே கட்டத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் கருப்பையா அண்ணன்தான் சொன்னார், அக்கா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார் என்று. ஒரு சனிக்கிழமை மதியம் போனேன்.

ஆள் பாதியாக இருந்தார். கட்டிலில் அந்த உயரம் மட்டும் மிச்சம் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் கிராம்பு டப்பா. என்னைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவில்லை.

“ஜோதி?” என்றார்.

“போறாக்கா.”

“மக?”

“அவளும்தான்.”

திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். தங்கை காபி கொண்டுவந்தார். அவர் நடப்பதே சுவரைப் பிடித்துக்கொண்டுதான். சமையலறைப் பக்கம் என்னைக் கூப்பிட்டு, “தண்ணியே குடிக்க மாட்டேங்குறா. நேத்து டாக்டர் வந்து திட்டிட்டுப் போறாரு. நாக்கு காஞ்சு கெடக்கு. நீ சொன்னாக் கேப்பா” என்றார்.

திரும்பி வந்து பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் தண்ணீர் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. காலையில் வைத்தது.

“பாட்டில் ஏன் அப்படியே இருக்கு?” என்றேன்.

கண்ணைத் திறக்காமல் சொன்னார். “தாகம் இல்ல.”

“எங்கிட்டயே அளக்காதீங்க.”

சிரிக்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, சமையலறைப் பக்கம் கேட்காதபடி சொன்னார். “அவளுக்கு முட்டி ரெண்டும் போச்சு. நான் குடிச்சா அவதான தூக்கணும்?”

சொல்லி முடித்ததும் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.  அந்த மண் பாதை, அந்த வெயில், இடுப்பில் குடத்தோடு நின்று அதே வார்த்தையைச் சொன்ன பெண், எல்லாம் அந்தக் கட்டிலில் வந்து படுத்திருந்தது.

“படிவத்துல என்னக்கா எழுதட்டும்?” என்றேன்.

 கையை நீட்டினார், அன்று தாளைக் கேட்டு நீட்டியதைப் போலவே.

பாட்டிலை வேண்டாம் என்று வைத்துவிட்டு, சமையலறையிலிருந்து செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தேன். தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். அதே கஷாய முகம். கடைசி வாய் வரைக்கும் குடித்துவிட்டு, முந்தானையைத் தேடி, கிடைக்காமல், புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“குடிச்சிட்டேன். இனி ஒன் பாடு” என்றார்.

கைப்பையைக் கதவுக் கொக்கியில் மாட்டினேன். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஆபீஸ் விஷயங்களைக் கேட்டார், சொன்னேன். பேராசிரியரை விசாரித்தார். அரை மணி நேரம் கழித்து, பேச்சின் நடுவில், “தூக்கு” என்றார்.

தூக்கினேன்.